நீலகிரியில் ஒரே பஞ்சாயத்து, நாலு விதமான ‘சத்து’: ஏன் அப்படி, வகுப்பு எடுப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரி வட்டாரத்தில் மகளிர் குழுக்களுக்குச் சத்துணவு வகுப்பு எடுக்கிறேன். ஒரே பஞ்சாயத்துக்குள் படகர் ஹட்டி (படகர்களின் ஊர்), தோட்டத்து லைன் வீடுகள், இருளர், குறும்பர் ஊர்கள், டவுனை ஒட்டிய குடியிருப்பு எல்லாம் இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே படம், ஒரே பட்டியல்தான் காட்டுகிறேன். தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதம் போனால் ஒன்றும் மாறியிருப்பதில்லை. ‘சத்தான சாப்பாடு எது’ என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வருகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது, எங்கே தொடங்குவது?

பதில்:

உங்கள் பட்டியலில் தப்பு எதுவும் இருக்காது. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டு அது பேசுகிறது. ஒரு வீட்டில் என்ன சமைப்பது என்பதை முடிவு செய்வது வேறு சங்கதிகள்: நிலத்தில் என்ன விளைகிறது, வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கேஸ் எத்தனை நாள் வரும், ரேஷனில் என்ன போட்டார்கள், விருந்தாளிக்கு எதை வைத்தால் மரியாதை. இவற்றோடு ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டால், கைக்கு எட்டிய சாப்பாடே நல்ல சாப்பாடு என்று மனதில் பதிந்துவிடும். எட்டாதது ‘நமக்கு ஒத்துக்காது’ ஆகிவிடும். அந்த எட்டுகிற தூரத்தை மாற்றாமல் மனதை மட்டும் மாற்றப் போனால் தலையாட்டலோடு நிற்கும்.

இந்த விஷயத்தில் குன்னூரைச் சொல்லாமல் போக முடியாது. 1918-இல் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் அங்கே, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு வட்டாரத்துச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை, வங்காளச் சாப்பாட்டு எலிகள் பின்தங்கின. பிறகு 1937-இல், அய்க்ராய்டு அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தபோது, இந்திய உணவுகளின் சத்து அட்டவணை அதே குன்னூரிலிருந்து வெளிவந்தது. எலிக்குப் போனது ஒரு வட்டாரத்து முழுச் சாப்பாடு. அட்டவணையில் நிற்பது 100 கிராம் கணக்கு. வகுப்புகளில் நாம் காட்டிக்கொண்டிருப்பது இரண்டாவதை மட்டும்தான். முதலாவதுக்குத் திரும்ப வேண்டும்: ஒரு ஊரின் முழு நாள் சாப்பாட்டை அப்படியே எடுத்துப் பார்ப்பது.

முதலில் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூர், கோத்தகிரியில் 94 டிகிரி வாக்கில். கொதிக்கிறது என்று பார்த்தால் கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. குக்கரும் சமவெளியில் 120 டிகிரியைத் தொட்டால் இங்கே நாலைந்து டிகிரி குறைவாகத்தான் நிற்கும். அதனால் துவரம்பருப்புக்கே இரண்டு விசில் கூடுதல். காய்ந்த அவரை, மொச்சை, பட்டர் பீன்ஸுக்குச் சொல்லவே வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழரைக்குள் தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டிய பெண் பருப்பை எடுக்கமாட்டார். ரசமும் அப்பளமும் போதும் என்றாகும். வருடக்கணக்கில் அப்படி நடந்தால் பருப்பு ‘ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு’, அப்புறம் ‘வாயு’. இந்த ‘வாயு’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, ஏனென்றால் அரைவேக்காட்டுப் பயறு நிஜமாகவே வயிற்றை உப்ப வைக்கும்.

இதற்குப் பாடம் வேண்டாம், வழி போதும். இரவு படுக்கும் முன் பயறைச் சூடான தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். டிசம்பர் குளிரில் பச்சைத் தண்ணீரில் போட்டால் காலை வரை நடுவில் கல்லாகவே இருக்கும். 10 மணி நேரம் ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி ஐந்து விசில், பிறகு தீயைக் குறைத்து 10 நிமிடம். புளி, தக்காளி இரண்டும் வெந்த பிறகுதான். புளியை முன்னாலேயே போட்டால் தோல் இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் குழையாது. ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பயறும் அப்படித்தான், அதைக் குறைசொல்லிப் பயனில்லை.

படகர் ஹட்டிக்கு வருவோம். ராகி, சாமை, கொரலி போன்ற சிறுதானியங்கள் விளைந்த சரிவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்களும் வந்தன. அதன் பிறகு தேயிலை. இன்று பல ஹட்டிகளில் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தேயிலை, தின்ன ஒன்றும் விளையாது. தானியம் வெளியிலிருந்து வாங்கும் பொருளாகிவிட்டது. 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது அந்த வாங்கும் காசும் சுருங்கியது. மிச்சம் இருக்கும் இரண்டு சென்ட் தோட்டத்தில் அவரை, பட்டாணி, கீரை போடும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் விடவில்லை. அதுதான் உங்கள் பிடி. அங்கே போய்க் கீரை நல்லது என்று சொல்லத் தேவையில்லை. குரங்கும் காட்டுமாடும் காட்டுப்பன்றியும் வராமல் அந்த இரண்டு சென்ட்டைக் காப்பது எப்படி என்று பேசினால் கூட்டம் உட்காரும்.

காய்கறி விவசாயிகளிடம் இன்னொரு எண்ணம் உண்டு: மண்டிக்குப் போகும் கேரட்டும் முட்டைக்கோஸும் விற்கிற காய், தின்கிற காய் வேறு. எத்தனை தடவை மருந்து அடித்தோம் என்று அவர்களுக்குத்தான் தெரியும், அந்தப் பயம் நியாயமானது. மருந்து டப்பாவில் அச்சிட்டிருக்கும், கடைசியாக அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள் கணக்கைக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். கோஸின் வெளி இலை மூன்றை எடுத்துப் போடுவதும் உதவும். உப்புத் தண்ணீரில் கழுவினால் மேலே ஒட்டியது மட்டும் போகும், உள்ளே இறங்கியது போகாது. கேரட்டைப் பொறுத்தவரை, சிறிது எண்ணெய் விட்டு வதக்கித் தின்றால்தான் அதிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

ராகிக்கு வேறொரு சிக்கல், அது கௌரவம். வயதானவர்கள் களி தின்று வளர்ந்தவர்கள். ஆனால் கல்யாணம், சாவு, கோயில் எதுவானாலும் பந்தியில் வெள்ளைச் சோறும் சாம்பாரும் பாயசமும்தான். பந்தியில் எது வருகிறதோ அதுவே உயர்ந்த சாப்பாடு என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. எனவே அங்கே நீங்கள் பேச வேண்டிய ஆள் பந்திக்குச் சமைப்பவர். ஒரு விசேஷத்தில் அவரைக் குழம்பும் ஒரு சிறு உருண்டைக் களியும் இலையில் வந்துவிட்டால், உங்கள் பத்து வகுப்புக்குச் சமம்.

2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கையில் வருவது முழுத் தானியம். கல் பொறுக்க வேண்டும், கழுவிக் காயவைக்க வேண்டும், மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மழை மாதத்தில் மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது. ஈரத்தோடு அரைத்தால் மாவு ஒரு வாரத்தில் கட்டிதட்டிக் கசக்கும். கழுவிய ராகியைத் துணியில் ஒற்றி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் கை பொறுக்கும் சூட்டில் பிரட்டி, ஆறவைத்து அரைப்பது இந்த மலைக்குத் தோதான வழி. குழு முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் அரைத்தால் மில்லுக்குப் போகிற பஸ் காசு மிச்சம்.

‘ராகி வயிற்றுக்கு ஒத்துக்கலை’ என்று சொல்லும் வீடுகளில், அவர்கள் கிண்டிய களியை ஒருமுறை பிட்டுப் பாருங்கள். நடுவே வெளிறிய மாவுத் திட்டு தெரிந்தால் அது வேகாத களி. யூடியூபில் பார்த்து ஐந்து நிமிடத்தில் இறக்குகிறார்கள், அது சமவெளிக் கணக்கு. இங்கே செய்முறை இப்படி: ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கஞ்சி போலாக்குங்கள். மீதி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கட்டையால் ஒரு குழி செய்து, கிளறாமல் மூடி, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு இறுக்கிக் கிளறி, மறுபடி மூடி நாலு நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, நிறமும் சாம்பலிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறி ஒரு பளபளப்பு வந்திருக்க வேண்டும்.

தோட்டத்து லைன்களில் களியை வற்புறுத்த வேண்டாம். 1964-இன் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களிலும் தனியார் தோட்டங்களிலும் குடியேறியவர்களின் வீடுகள் இங்கே நிறைய. இலங்கை மலையகத்தில் அவர்கள் பழகியது கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். தேங்காய் இங்கே மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும். அதனால் சம்பல் சுருங்கியது, ரொட்டி மைதாவாக மாறியது, பக்கத்தில் வெறும் டீ. அந்த ரொட்டியிலேயே மூன்றில் ஒரு பங்கு ராகி மாவு கலக்கலாம். சூடான தண்ணீரில் பிசைய வேண்டும், ராகியில் பசைத்தன்மை இல்லாததால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரம் வெடிக்கும். பாதிக்கு மேல் ராகி போனால் திருப்பும்போது உடையும், அப்புறம் யாரும் மறுபடி செய்யமாட்டார்கள். முதல் நாளே கால் பங்கில் தொடங்குவது பாதுகாப்பு.

கொழுந்து எடுப்பவரின் பகலையும் கவனியுங்கள். குறித்த அளவுக்கு மேல் எடுக்கும் கிலோவுக்குக் கூடுதல் காசு என்றால் நடுவில் உட்கார்ந்து சாப்பிட மனம் வராது. காட்டில் கழிப்பிடம் இல்லாததால் தண்ணீரும் குடிப்பதில்லை. 10 மணிக்கு டீயும் ஒரு வர்க்கியும் வயிற்றை அடைத்துவிடும், வர்க்கி என்பது மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும்தான். அவரிடம் சரிவிகித உணவு பற்றிப் பேசுவதைவிட, நின்றபடி ஒரு கையால் தின்னக்கூடியதைக் கொடுப்பது பயன்: அவித்த முட்டை, வறுத்த கடலை ஒரு பிடி, அவித்த பயறு. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்த தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பகல் முழுவதும் குழந்தைக்கு எது ருசி என்று பழக்குவது அந்தக் காப்பகத்து ஆயாதான். அம்மாக்களுக்கு முன்னால் அவரைச் சந்தியுங்கள். லைன்களில் கருவாடு விரும்பிச் சமைப்பார்கள், அதைத் தாழ்வாகப் பேசிவிடாதீர்கள். புரதமும் கால்சியமும் தருகிற பொருள். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் உப்பு நிறையக் குறையும்.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் டீ வேண்டாம் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. நேரத்தை மட்டும் நகர்த்துங்கள். சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பயறு, ராகியிலுள்ள இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். கர்ப்பிணிகளுக்கு 180 நாள் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதி. பல பெண்கள் அதை டீயோடுதான் விழுங்குகிறார்கள். சர்க்கரைக் கணக்கு: டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்க அளவாகச் சொல்வதைப் போல இரண்டு மடங்கு.

இருளர், குறும்பர் ஊர்களிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஊர்களிலும் சாப்பாடு என்பது காட்டோடும் வயலோடும் சேர்ந்தது: கிழங்கு, தேன், கீரை, காளான், நண்டு, சிறு மீன். வயல் வாழையும் இஞ்சியுமாக மாறி மருந்து பாய்ந்ததும் நண்டு குறைந்தது. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் கீரை முளைப்பதில்லை. யானைக்குப் பயந்து சாமை, ராகி விதைப்பதை விட்டவர்கள் பலர். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் சோறும் சாம்பாரும் தின்று திரும்பி வந்து, கிழங்கைப் பழைய சாப்பாடு என்று ஒதுக்குகிறார்கள். இங்கே வெளியாள் பாடம் நடத்துவதைவிட, எந்தக் கீரை எந்த மாதம் எங்கே கிடைக்கும் என்று பாட்டிகளைச் சொல்லவைத்துப் பிள்ளைகளை எழுதவைப்பது மேல். கிழங்கிலும் காளானிலும் ஓர் எச்சரிக்கை. காட்டுக் கிழங்கில் சில வகை கசப்பும் நஞ்சும் உள்ளவை. சீவி, ஓடும் நீரில் இரவு முழுக்கப் போட்டு, அவித்த பிறகே உண்ணத் தகுந்தவை. எது எது என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் பொதுவாக ‘காட்டுக் கிழங்கு நல்லது’ என்று மற்ற ஊர்களில் சொல்லிவிடக் கூடாது.

இந்த ஊர்களில் இரத்தசோகை என்றதும் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். இந்தியாவில் அரிவாள் செல் சோகை முதன்முதலில் பதிவானது 1952-இல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம். பரம்பரையாக வரும் அந்த நோயைக் கீரை தீர்க்காது. பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதும் சரியில்லை, இரும்பு குறைவாக இருப்பது உறுதியான பிறகுதான். அந்த நோய் உள்ளவர்களுக்குக் குளிரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வலியைக் கிளப்பும், இந்த மலையில் இரண்டும் சேர்ந்தே வரும். வெந்நீரோ சீரகத் தண்ணீரோ அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எல்லா ஊருக்கும் பொதுவானது ‘குளிர்ச்சி’ என்ற பேச்சு. தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, கீரை எல்லாம் சளி பிடிக்கும் என்று குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நிறுத்திவிடுவார்கள். 8 டிகிரி குளிரில் ஐஸ் மாதிரி இருக்கும் தயிரை மறுப்பவரிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. அவர் கணக்குக்குள்ளேயே வழி உண்டு: மோரை மோர்க்குழம்பாக, கீரையைப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு மதியத்தில், கொய்யாவை மிளகுத்தூளோடு வெயில் நேரத்தில், நெல்லிக்காயை ரசமாக. பத்தியத்தில் பூண்டும் கருவாட்டுக் குழம்பும் நல்லவை, அப்படியே இருக்கட்டும். தண்ணீரைக் குறைப்பதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. தாய்க்கு மலச்சிக்கலும் களைப்பும் வரும். வெந்நீராகக் கொடுங்கள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

டவுன் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இட்லி மாவு புளிக்காததே பெரிய பிரச்சினை, அதில் பலர் பிரெட்டுக்கும் நூடுல்ஸுக்கும் போய்விடுகிறார்கள். உளுந்தோடு ஒரு கரண்டி வெந்தயம் ஊறவைத்து அரைத்து, மாவுப் பாத்திரத்தைக் கை பொறுக்கும் வெந்நீர் உள்ள குக்கருக்குள் வைத்து மூடி, கம்பளி சுற்றி, 15 மணி நேரமாவது விட வேண்டும்.

வகுப்பை எப்படி மாற்றுவது? படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு அடுப்பைக் கொண்டுபோங்கள். முதல் சந்திப்பில் எதையும் சொல்லாதீர்கள், கேளுங்கள்: “அக்கா, நேத்து காலைல எத்தன மணிக்கு அடுப்பு பத்த வெச்சீங்க? மொதல்ல யாருக்குப் போட்டீங்க? நீங்க எப்ப சாப்பிட்டீங்க?” பட்டியல் கேட்டால் நீங்கள் விரும்பும் பதில் வரும். நேற்றைய நாளைக் கேட்டால் உண்மை வரும். கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் கூட்டம் போடாதீர்கள். ஓர் ஊருக்கு ஒரே ஒரு மாற்றம்தான், மூன்று மாதம்.

அளக்க ஒரு நோட்டு போதும். நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்குச் சர்க்கரை 3 கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், உப்பு 600 கிராம் என்றால் 5 கிராம், எண்ணெய் 3 லிட்டர் என்றால் சுமார் 23 கிராம். இவற்றைத் தாண்டினால் அந்த வீட்டில் எதைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பருப்பில் கணக்கு எதிர்ப்பக்கம்: ரேஷனில் வரும் 1 கிலோ துவரம்பருப்பு மட்டும்தான் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். 60 கிராமாவது ஆக வேண்டுமானால் எல்லாப் பயறும் சேர்த்து மாதம் 7 கிலோ வீட்டுக்குள் வர வேண்டும். இந்த 7-ஐ ஒரே தாவலில் கேட்காதீர்கள், முதல் மாதம் 2 கிலோ போதும். மூன்றாம் மாதம் நோட்டில் பருப்பு வரி ஏறவே இல்லை என்றால், மறுபடி வகுப்பு எடுக்கும் முன் அந்த வீடுகளின் குக்கர் வாஷரைப் பாருங்கள். ஆவி பக்கவாட்டில் கசிந்தால் ஐந்து விசில் வர முக்கால் மணி நேரம் ஆகும், அந்த நேரம் காலையில் அவர்களிடம் இல்லை.